மோசமாக விழுந்தவர் யார்? கைப்பேசிப் படச் செயலித் தேர்வு குறித்த ஓர் ஆய்வேட்டின் சுருக்கம்

ஆய்வுச் சிக்கல்

சங்க இலக்கியத்தில் மீன்கள், நாட்டார் வழக்காற்றில் விளக்குமாறு, மினி பஸ்ஸின் பின்கண்ணாடி வாசகங்கள் என்று எதை எடுத்தாலும் அதற்கோர் ஆய்வேடு ஏதாவதொரு துறை நூலகத்தில் தூசி படிந்து நிற்கும் நாடு இது. இங்கே ஒரு கேள்வி மட்டும் நாதியற்றுக் கிடந்தது. கல்யாண மேடையில் பெண் மாப்பிள்ளையைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நின்று ஒரு படம் எடுக்கிறார்கள். எடுத்த கையோடு போன் கைமாறுகிறது. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். “வேற ஆப்ல எடு” என்று ஒரு குரல் வருகிறது. மறுபடி எல்லாரும் போய் நிற்கிறார்கள். அந்தக் குரல் யாருடையது?

பொதுவாகச் சொல்லப்படும் விடை இது: மக்கள் மெகாபிக்சலைப் பார்க்கிறார்கள், நட்சத்திர மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள், யூடியூபில் ஒரு தம்பி “வணக்கம் நண்பர்களே” என்று தொடங்கி இரண்டு படங்களை அக்கம்பக்கம் வைத்து ஒப்பிடுவதைப் பார்க்கிறார்கள், பிறகு செயலியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இவ்வாய்வாளர் இதை மறுக்கிறார். அவர் முன்வைக்கும் கருதுகோள்: ஒரு குழுப்படத்தை எந்தச் செயலியில் எடுப்பது, எதில் திருத்துவது என்று முடிவுசெய்பவர் படம் எடுப்பவர் அல்லர், போனுக்குச் சொந்தக்காரரும் அல்லர், அந்தப் படத்தில் எல்லாரையும்விட மோசமாக விழுந்தவரே. இதனை இனி ‘விழுந்தோர் விதி’ என்று வழங்குவோம்.

காசு வாங்கிக்கொண்டு வரும் கல்யாண போட்டோகிராபர்கள் ஆய்வு எல்லைக்குள் வரமாட்டார்கள். முன்பணம் வாங்கியவருக்கு எந்த முகத்துக்கும் அஞ்சவேண்டிய கட்டாயம் இல்லை. பாளையங்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் நடந்த குடும்ப விசேஷங்கள் முதன்மை ஆதாரம். குடும்ப வாட்ஸப் குழு துணைமை ஆதாரம். நெறியாளர், இவ்வாய்வாளரின் மதினி.

முன்னோர்

முன்னோர் மொழிந்ததைச் சொல்லாமல் மேலே போவது மரபன்று. கேப்டன் லினேயஸ் டிரைப் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்தவர். 1856இல் மதராஸ் மாகாண அரசின் படப்பிடிப்பாளராக அமர்த்தப்பட்டவர். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார். இன்று அம்புக்குறி கோட்டை விட்டு விலகாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்போடு திரும்புகிறோமே, அந்தப் பனோரமாவின் பாட்டன்மாரில் ஒருவன் தஞ்சாவூர்க்காரன். அதோடு விட்டாரா? அக்கால நெகட்டிவ்கள் நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். கோயில் ஒழுங்காகப் பதிய வேண்டுமென்றால் வானம் வெறும் வெள்ளையாகிப் போகும். டிரைப் தம் நெகட்டிவ்களின்மேல் வண்ணம் தொட்டு மேகங்களைத் தாமே சேர்த்தார். அதே பத்தாண்டில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலை ஒரு நெகட்டிவிலும் வானத்தை இன்னொன்றிலும் எடுத்து ஒரே படமாக அச்சிட்டார். இன்று ‘ஸ்கை’ என்ற பொத்தானைத் தட்டினால் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்கு மேலே ஏதோ ஒரு தீவின் அந்திவானம் வந்து உட்காருகிறதே, அக்கலைக்கு இவர்களே ஆசான்கள்.

நம் ஆய்வுக்கு வேண்டியது இது: இவர்களிடம் யாரும் “மறுபடி எடு” என்று சொல்லவில்லை. பெரிய கோயில் தனக்கு இடப்பக்கம்தான் எடுப்பு என்று அடம்பிடிக்காது. கடல் வயிற்றை எக்கிக்கொள்ளாது. படத்தில் ஆள் இல்லாதவரை தேர்வுரிமை எடுப்பவரிடமே இருந்தது. ஆள் வந்தான், உரிமை போயிற்று.

போன இடம் ஸ்டூடியோ. தாஜ்மஹாலோ தென்னந்தோப்போ வரைந்த படுதாவுக்கு முன்னால் நம்மை உட்காரவைத்து, மோவாயை ஒரு விரலால் நிமிர்த்தி, “சிரிங்க, இவ்வளவு வேண்டாம்” என்று சொன்னவர்களிடம் டச்சப் என்றொரு கலை இருந்தது. முகத்தின் சுருக்கம் நெகட்டிவில் வெளிறித் தெரியும். கூர்சீவிய பென்சிலால் அந்த இடத்தில் நுண்ணிய புள்ளிகளாக வைத்துக்கொண்டே வந்தால் பிரிண்டில் சுருக்கம் கரைந்துபோகும். வாடிக்கையாளர் கேட்கவேண்டியதில்லை, பிரிண்டைப் பார்த்து ஒரு நொடி பேசாமல் நின்றால் போதும், “கொஞ்சம் டச் பண்ணிடலாங்க” என்று ஸ்டூடியோக்காரரே சொல்லிவிடுவார். அந்த ஒரு நொடி மௌனமே விழுந்தோர் விதியின் முதல் எழுத்துச் சான்று, எழுத்தே இல்லாவிட்டாலும்.

இடையில் ஒரு பொற்காலம் வந்து போனது. 2000 நவம்பரில் ஜப்பானில் ஷார்ப் நிறுவனத்தின் ஜே-எஸ்எச்04 என்ற கேமரா போன் விற்பனைக்கு வந்தது. அதன் கேமராவுக்கு மொத்தம் 1,10,000 புள்ளிகள். அந்தப் புள்ளிகளுக்குள் ஒரு குடும்பத்தையே நிறுத்தினால் மூக்கு யாருடையது என்றே தெரியாது. எல்லாரும் சமமாக மோசமாக விழுந்ததால் விதி செயல்படவில்லை. வீடுகளில் அமைதி நிலவியது. இந்த அமைதியைக் குலைத்தவர்கள் பொறியாளர்கள்.

பிறவிச் செயலியும் தத்துச் செயலியும்

படமெடுக்கும் செயலிகளைப் பிறவிச் செயலி, தத்துச் செயலி என இரண்டாகப் பகுக்கலாம். போனோடு வருவது பிறவி. பிளே ஸ்டோரிலிருந்து நாம் கொண்டுவந்து சேர்ப்பது தத்து. தத்துப்பிள்ளைக்குச் சொத்தில் முழுப் பங்கு கிடையாது என்பது இங்கே கண்கூடு. 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5 முதல் வெளிச் செயலிகளுக்கு ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ, குவியம் ஆகியவற்றைத் தொட வழி திறந்துவிடப்பட்டது. ஆனால் கதவை எவ்வளவு திறப்பது என்பதைப் போன் தயாரிப்பாளர் முடிவுசெய்வார். சென்சாரிலிருந்து வரும் கச்சாப் படத்தை அரைத்து, சலித்து, வண்ணம் கூட்டும் கைப்பக்குவத்தைப் பல நிறுவனங்கள் தம் பிறவிச் செயலிக்கே வைத்துக்கொள்கின்றன. ஒரே போன், ஒரே லென்ஸ். ஆனாலும் வெளிச் செயலியில் எடுத்த படம் ஒரு சுற்று மங்கித் தெரிவதன் இரகசியம் இதுதான்.

பிறவிச் செயலி செய்யும் வேலை சாமானியமானதன்று. நாம் பொத்தானை அமுக்குவதற்கு முன்பே அது படங்களை எடுப்பதும் அழிப்பதுமாக இருக்கிறது. அமுக்கியதும் அந்த நொடியை ஒட்டிய சில படங்களை எடுத்து அடுக்கி ஒன்றாக்குகிறது. கூகுள் இதை 2013இல் நெக்ஸஸ் 5 போனில் எச்டிஆர் பிளஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. வெளிச்சத்தைக் குறைத்தே பல படங்களை எடுத்து, அவற்றைச் சேர்த்து இரைச்சலைப் போக்கி, இருண்ட பகுதிகளை மட்டும் பிறகு தூக்கிவிடுவது அதன் உத்தி. 2018இல் வந்த நைட் சைட் அதையே இருட்டுக்கு நீட்டியது. மார்க் லெவாய் என்ற அறிஞர் இந்தப் பணியை வழிநடத்தியவர்களில் முக்கியமானவர். ஆக, இன்று ஒற்றைப் படம் என்று எதுவும் இல்லை. நாம் காண்பது ஒரு சமரச உடன்படிக்கை.

இங்கே ஒரு கிளைச் சமயத்தைக் குறிப்பிட வேண்டும். பொறியியல் கல்லூரியில் படிக்கும் அக்காள் மகன் எந்தக் குடும்பத்திலும் ஒருவன் இருப்பான். கூகுளின் கேமராவை மற்ற போன்களுக்கு ஏற்றபடி வெளியார் மாற்றியமைத்த ‘ஜிகேம்’ பதிப்புகளே அவனுக்கு வேதம். ஏபிகே கோப்பை இறக்குவான், அதற்குரிய கான்ஃபிக் கோப்பைத் தேடுவான், அது ஒத்துவராமல் இன்னொன்றைத் தேடுவான். இப்படியே ரிசப்ஷன் முடிந்துவிடும். ஆனால் அவன் எடுக்கும் படம் உண்மையிலேயே சிறந்த படம். பட்டுச் சேலையின் சரிகை இழை இழையாகத் தெரியும். மேடைக்குப் பின்னாலிருக்கும் தெர்மாகோல் மயிலின் கழுத்து வெடிப்பு தெரியும். பெரியம்மாவின் கன்னத்தில் ஒவ்வொரு துவாரமும் தெரியும்.

விதிக்கு இதைவிடக் கடினமான சோதனை கிடையாது. தொழில்நுட்பம்தான் தேர்வை முடிவுசெய்கிறது என்றால் அக்காள் மகன் வென்றிருக்க வேண்டும். களத்தில் நடந்தது வேறு. பெரியம்மா படத்தைப் பார்த்தார். தம் முகத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. “பிள்ள கண்ண மூடிட்டு” என்றார். மடியிலிருந்த குழந்தை கண்ணைத் திறந்துகொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. படம் அழிக்கப்பட்டது. வேறொரு போன் வந்தது, வேறொரு செயலியோடு.

களப்பணி முறை குறித்து ஒரு குறிப்பு இங்கே இன்றியமையாதது. மோசமாக விழுந்தவரை நேரடி வினாக்களால் கண்டுபிடிக்க முடியாது. யாரும் “நான் நல்லா இல்ல” என்று வாக்குமூலம் தருவதில்லை. லைட் சரியில்லை, பின்னால் யாரோ போகிறார்கள், மாப்பிள்ளையின் மாலை கோணல் என்று பிறர்நலம் பேசுவார்கள். ஆகவே முகத்தை விட்டுவிட்டு விரலைக் கவனிக்க வேண்டும். போன் கைக்கு வந்ததும் எந்த முகத்தின்மேல் விரல் போய் விரிகிறதோ அது விரலுக்குரியவரின் முகம். ஒரு முறை விரித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்தால் அவர் தேறிவிட்டார். இரண்டாம் முறை விரித்தால் அவரே நாம் தேடும் ஆள். இருவர் ஒரேயளவு மோசமாக விழுந்திருந்தால் மூத்தவர் சொல் செல்லும் என்பது பொதுவிதி. மாப்பிள்ளையின் அக்காள் அவ்விருவரில் ஒருவர் என்றால் மூப்பு பார்ப்பதில்லை என்பது புறனடை.

வெளுப்பியல்

அழகூட்டும் செயலிகள் இவ்வாய்வின் மையம். 2014இல் வந்த பி612 கொரிய நிறுவனமான நேவரின் குடும்பத்தைச் சேர்ந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் செந்த்-எக்சுபெரியின் ‘குட்டி இளவரசன்’ கதையில் வரும் குறுங்கோளின் பெயரைத் தாங்கியது. அந்தக் கோளில் ஒரே ஒரு சிறுவன் மட்டும் வாழ்கிறான். செல்ஃபிச் செயலிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வாய்க்காது. சீனத்து ஷியாமன் நகரில் 2008இல் தொடங்கிய மெய்ட்டு நிறுவனம் பியூட்டிபிளஸ் உள்ளிட்ட பலவற்றைத் தந்தது. இவை எல்லாவற்றின் வேலைமுறையும் ஏறக்குறைய ஒன்றே. முகத்தைக் கண்டுபிடி. கண், மூக்கு, உதட்டின் ஓரங்களை விட்டுவிட்டு நடுவிலுள்ள தோலை மழுக்கு. கண்ணைச் சற்றுப் பெரிதாக்கு. தாடையைச் சற்று உள்ளே தள்ளு. கடைசியாக, வெளுப்பாக்கு.

கடைசி வேலைதான் விவகாரம். முகத்தைக் கண்டுபிடிக்கும் செயலி கழுத்தைக் கண்டுகொள்வதில்லை. அதனால் தாலி தொங்கும் இடத்துக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். மருதாணி வைத்த கை மாநிறமாக, அந்தக் கை தாங்கும் கன்னம் மாவு நிறமாக நிற்கும். தூத்துக்குடி உப்பளத்தில் வெயில் தின்ற மாமாவும், ஏசி அறையை விட்டு வெளியே வராத அவர் மகனும், வண்ணார்பேட்டைச் சித்தியும் ஒரே நிறத்தில், ஒரே மெழுகில் வார்த்ததுபோல் வருவார்கள். மாப்பிள்ளையின் ஒரு வாரத் தாடி கரியைத் தடவியதுபோல் மங்கும். பிறந்த குழந்தைக்குக்கூடத் தோல் மழுக்கப்படும்.

இவ்விடத்தில் ஆய்வாளர் நகைப்பைச் சற்று நிறுத்தி வைக்கிறார். படக்கலை பிறந்ததிலிருந்தே வெளுத்த தோலைத்தான் அளவுகோலாக வைத்துக்கொண்டது. வண்ணப் பிலிம் காலத்தில் அமெரிக்க ஆய்வகங்களில் நிறத்தைச் சரிபார்க்க வைத்திருந்த அட்டைகளில் இருந்தவர்கள் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்களே. கறுத்த முகங்களை முறையாகக் காட்டவேண்டும் என்று கூகுள் தன் பிக்சல் 6 போனில் ‘ரியல் டோன்’ என்ற ஏற்பாட்டை அறிவித்தது 2021இல்தான். அடுத்த ஆண்டு, எல்லிஸ் மங்க் என்ற சமூகவியலாளர் வகுத்த பத்து நிறப்படிகள் கொண்ட தோல்நிற அளவுகோலை வெளியிட்டது. பத்துப் படிகளைச் செவ்வனே காட்டும் கேமராவை ஒரு பக்கம் ஆராய்ச்சியாளர்கள் செய்துகொண்டிருக்க, அந்தப் பத்தையும் மேலிருந்து இரண்டாம் படிக்கு ஏற்றும் செயலியை மறுபக்கம் நாம் இறக்கிக்கொண்டிருந்தோம். சித்தியிடம் இவ்வாய்வாளர் இது குறித்துப் பேச முற்பட்டார். மங்க் அளவுகோலையும் எடுத்துக் காட்டினார். “நான் கறுப்புதான்ல. நேர்ல பாக்கவனுக்குத் தெரியத்தான செய்யுது. போட்டாலயும் எதுக்கு?” என்றார் சித்தி. இக்கூற்றுக்குத் தக்க மறுப்பு ஆய்வுலகில் இன்னும் எழுதப்படவில்லை.

2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடைசெய்தது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு ஆகியவற்றைக் காரணம் காட்டி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் இட்ட ஆணை அது. உலகம் டிக்டாக்கைப் பற்றி மட்டும் பேசியது. பட்டியலைப் பொறுமையாகப் படித்தவர்களுக்கு வேறொன்று தெரியும்: பியூட்டிபிளஸ், மெய்ட்டு, யூகேம் மேக்கப், ஸ்வீட் செல்ஃபி, செல்ஃபிசிட்டி, வொண்டர் கேமரா. வரலாற்றில் ஓர் அரசு ஒரே ஆணையில் இத்தனை அழகுநிலையங்களை மூடியது அரிது. கொரியச் செயலி தப்பியது. ஊரடங்கு நாளாதலால் விசேஷங்களும் சுருங்கியிருந்தன; இல்லையென்றால் தாக்கம் இன்னும் வெளிப்படையாகத் தெரிந்திருக்கும். ஆனால் சொந்த நிறம் திரும்பி வந்ததா என்றால், வரவில்லை. பிறவிச் செயலிகளுக்குள்ளேயே ‘பியூட்டி’ என்ற அழகூட்டும் பகுதி ஏற்கெனவே குடியிருந்தது. பல போன்களில் வாங்கிய அன்றே முடுக்கப்பட்டும் இருந்தது. போனை எடுத்துப் படம் எடுத்தவருக்கு எதுவும் தேர்ந்தெடுத்த நினைவே இருக்காது.

முன்கேமராவின் கண்ணாடித் திருப்பலையும் இங்கேயே சொல்லி முடித்துவிடலாம். செல்ஃபி எடுக்கும்போது திரையில் தெரிவது கண்ணாடியில் தெரியும் முகம். இடம் வலமாக மாறியது. சில செயலிகள் எடுத்தபின் நேர்ப்படுத்திச் சேமிக்கும், சில அப்படியே விட்டுவிடும். ஆயுள் முழுக்கக் கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம் நேராகத் திரும்பியதும் வகிடு தப்புப் பக்கம் போய், மூக்குத்தி மாறி, முகமே கோணலாகத் தோன்றும். திருப்பாத செயலிக்கே வாக்கு விழும். பின்னாலிருக்கும் மண்டபப் பெயர்ப்பலகை இடவலம் மாறி விழுவது பற்றி யாருக்கும் கவலையில்லை. மண்டபத்துக்கு வாக்குரிமை இல்லை.

திருத்தம்

எடுத்தபின் திருத்துவது இரண்டாம் களம். இங்கே விதி சற்று நிதானமாகச் செயல்படுகிறது. நிக் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் 2011இல் கொண்டுவந்த ஸ்னாப்சீடைக் கூகுள் 2012இல் வாங்கி இலவசமாக்கியது, விளம்பரமும் இல்லை. அன்றிலிருந்து தாய்மாமன்களின் செயலி அது. அதிலுள்ள ஆம்பியன்ஸ், ஸ்ட்ரக்சர் என்ற இரண்டு கோடுகளைத் தாய்மாமன் ஒருவர் வலது ஓரம்வரை தள்ளாமல் விட்டதை இவ்வாய்வாளர் கண்டதில்லை. தள்ளினால் குற்றால அருவி கம்பிகளாகும், வானம் மைக்கூட்டைக் கவிழ்த்தது மாதிரி ஆகும், மாமனின் மீசையில் ஒவ்வொரு மயிரும் ஆணி போல் நிற்கும். மாமனுக்கு அதுதான் வேண்டும். இளையவர்கள் லைட்ரூமில் யாரோ செய்து பகிர்ந்த பிரிசெட்டை ஏற்றிப் பச்சையைப் பழுப்பாக்குவார்கள். தாமிரபரணிக் கரையின் வாழைத்தோப்பு ஐரோப்பிய இலையுதிர்காலத்தில் போய் நிற்கும். ஆர்மீனியாவில் வேர்கொண்ட பிக்ஸ்ஆர்ட் செயலியில் பின்னணியை வெட்டி, பைக்கில் சாய்ந்து, ஓநாயையும் புகையையும் சேர்ப்பவர்கள் தனி மரபினர். அவர்கள் மேல் இவ்வாய்வாளருக்குப் பெரிய மரியாதை உண்டு. முடியின் ஓரத்தை விரல் நுனியால் வெட்டி எடுக்கும் பொறுமை எல்லாருக்கும் வராது.

உருப்படியாக ஒன்று சொல்வதானால், மேடையில் அடிக்கும் ஊதா, ரோஸ் எல்இடி விளக்குகளில் எடுத்த படத்துக்கு ஃபில்டர் தேடுவது வீண். ஒயிட் பேலன்ஸ் என்ற ஒரு கோடு போதும். அதை நகர்த்தி, மாப்பிள்ளையின் வேட்டி வெள்ளையானதும் நிறுத்த வேண்டும். வேட்டி வெள்ளையானால் மற்ற நிறங்கள் பெரும்பாலும் தாமே வழிக்கு வரும். ஆனால் விளக்கு ஒரே நிறமாக அடித்திருந்தால் மீட்பு கடினம், கச்சாக் கோப்பாகிய டிஎன்ஜியில் எடுத்திருந்தால் ஓரளவு தேறும். டிஎன்ஜியில் எடுக்கும் ஆளைக் குடும்ப விசேஷத்துக்கு யாரும் அழைப்பதில்லை.

இலவசம் என்று சொல்லும் செயலிகளில் நல்ல கருவிகளின் ஓரத்தில் சிறிய கிரீடம் ஒன்று மின்னும். அரைமணி நேரம் திருத்தி முடித்துச் சேமிக்கும்போதுதான் அந்தக் கிரீடத்துக்குக் கப்பம் கட்டவேண்டும் என்பது தெரியவரும். மூன்று நாள் சோதனைக் காலம் என்று கார்டு எண்ணைக் கேட்டு, நான்காம் நாள் ஓராண்டுச் சந்தாவை எடுத்துக்கொண்ட ஒரு செயலி மதினியின் போனில் இருந்தது. போனிலிருந்து செயலியை நீக்கினால் சந்தா நீங்காது என்பதை அவர் அன்று கற்றார். இந்த ஆய்வுக்கு நெறியாளராக இருக்க ஒப்புக்கொண்டதும் அன்றுதான். படத்துக்குப் பூ ஒட்டும் செயலி எதற்காக நம் தொடர்பு எண்களையும் இருக்குமிடத்தையும் கேட்கிறது என்று ஒரு தடவையாவது கேட்டுவிட்டு ‘அனுமதி’யைத் தட்டுவது நல்லது என்பது அவர் கருத்து.

அசையும் படம்

வீடியோவில் விதி பாதிதான் செல்லும். ஓடிக்கொண்டிருக்கும் படத்தில் முகத்தைப் பிடித்துப் பெரிதாக்கிப் பார்க்க நேரமில்லை. விதிவிலக்கு பந்தி. இலைமுன் வாய்நிறையச் சோற்றோடு கேமராவை நிமிர்ந்து பார்த்தவர், அந்தக் காட்சியை வெட்டும்வரை எடிட் செய்யும் பையனை விடமாட்டார். வெட்டுவதற்குக் கொரியாவின் கைன்மாஸ்டர் நெடுங்காலம் நம்மூரில் ஆட்சிசெய்தது. காசு கட்டாவிட்டால் மூலையில் அதன் பெயர் முத்திரை விழும். எத்தனையோ காதுகுத்து வீடியோக்களில் மொய் வைத்தவர் பட்டியலைவிடத் தெளிவாகப் பதிந்த பெயர் அதுதான். இன்ஷாட், விஎன், அலைட் மோஷன் எல்லாம் பிறகு வந்தன. வாட்ஸப் ஸ்டேட்டஸுக்கு இருந்த 30 நொடியை 2020 மார்ச்சில் இந்தியாவில் 15 ஆகக் குறைத்தபோது, முகூர்த்தத்தையே பாதியில் வெட்டவேண்டி வந்தது.

மண்டபத்து வீடியோவில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். செயலியை மட்டும் மாற்றிப் பயனில்லை. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. டியூப் லைட்டும் மலிவு எல்இடியும் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று நிறுத்த இடம்தரும் செயலி எதுவானாலும் பட்டை போய்விடும். சிலவற்றில் 50 ஹெர்ட்ஸ் என்றே ஒரு தேர்வு இருக்கும். ஓப்பன் கேமரா போன்ற இலவசச் செயலியிலேயே இவ்வகை வசதி உண்டு. இவ்வாய்வேட்டில் உடனடியாகப் பயன்படக்கூடியது இந்தப் பத்தி ஒன்றே என்று நெறியாளர் கருதுகிறார்.

இறுதித் திருத்துநர்

108 மெகாபிக்சல் போன் ஒன்பது புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படம் தருகிறது. அதை ஒரு செயலியில் மழுக்கி, இன்னொன்றில் கூர்மையாக்கி, மூன்றாவதில் பெயர் எழுதி, குடும்பக் குழுவில் போடுகிறோம். வாட்ஸப் அதை வழக்கமாக இரண்டு மெகாபிக்சலுக்குள் அடக்கி, 1992இல் தரப்படுத்திய ஜேபெக் முறையில் எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு உடனே தெரியாத நுணுக்கங்களைக் கழித்து அனுப்புகிறது. அதைச் சித்தப்பா இறக்கி, தம் பெயரைச் சேர்த்து, மறுபடி ஏற்றும்போது இன்னொரு சுற்றுக் கழிவு. ஜிகேம் சமயத்தவனும் மழுக்கும் மரபினரும் மேடையில் மோதிக்கொண்டது இந்தக் கட்டங்களுக்காகத்தான். 2023 முதல் எச்டி என்ற தேர்வு உண்டு. டாக்குமெண்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். ஆனால் அப்படி அனுப்பினால் குழுவில் படம் நேரே தெரியாது, தட்டித் திறக்க வேண்டும் என்று எல்லாரும் ஏசுவார்கள். எவரும் தேர்ந்தெடுக்காத இந்தச் செயலியே எல்லாருடைய படத்தையும் கடைசியாகத் திருத்துகிறது.

தொழில்துறையின் ஒப்புதல்

இக்கருதுகோளைப் பல்கலைக்கழகங்கள் ஏற்குமுன் நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன. 2023இல் வந்த பிக்சல் 8 போனில் ‘பெஸ்ட் டேக்’ என்றொரு வசதி. அடுத்தடுத்து எடுத்த சில குழுப்படங்களிலிருந்து ஒவ்வொருவருக்கும் எந்த முகம் வேண்டுமோ அதை எடுத்து ஒரே படத்தில் பொருத்தலாம். பெரியம்மாவுக்கு மூன்றாம் படத்து முகம், மாமனுக்கு முதல் படத்து மீசை, குழந்தைக்கு விழித்த கண். அப்படிப்பட்ட நொடி ஒன்று உலகில் நிகழவே இல்லை என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அடுத்த ஆண்டு பிக்சல் 9இல் ‘ஆட் மீ’ வந்தது: படமெடுத்தவர் போனை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போய் நின்றால் அவரையும் சேர்த்து ஒன்றாக்கிவிடும். இனிமேல் எடுப்பவரும் மோசமாக விழலாம்.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

விதிக்கு ஓர் எதிர்ச்சான்று உண்டென்று புறத்தேர்வாளர் எவரும் கேட்கக்கூடும்: கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர். அதிலுள்ள படத்தைத் தேர்ந்தெடுப்பவர் படத்தில் இருப்பவர் அல்லரே? நியாயமான கேள்வி. பதற்றத்தில் எந்தக் கல்யாணக் குழுப்படமாவது கிடைக்கும், அதிலிருந்து வெட்டுவார்கள். பின்னணியை அழிக்கும் செயலி தோளில் கிடக்கும் இன்னொருவர் கையையும் உடம்பின் பாகமென்று நம்பி விட்டுவைக்கும். நம் சுவர்களில் மூன்று கையோடு மறைந்தவர்கள் பலர். ஆனால் தெருவுக்குத் தெரு இதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் சும்மா இருந்துவிடுவார்களா?

எங்கள் ஆச்சி சும்மா இருக்கவில்லை. பேத்தி கல்யாணம் முடிந்த மறுவாரம் தனக்கான படத்தைத் தானே தேர்ந்தெடுத்தாள். பேரன் அதைக் குழுவிலிருந்து வெட்டி, பெரியப்பாவின் கையை நீக்கி, நீலப் பின்னணி வைத்து, ஒரு செயலியில் கொடுத்துச் சுருக்கங்களைக் குறைத்துக் கொண்டுவந்து காட்டினான். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

“ஏல, எம் மூக்குக்குப் பக்கத்துல மச்சம் இருந்துச்சே, எங்கல?”

“அத ஆப் தானா எடுத்துட்டு ஆச்சி. இப்பதான் பளிச்சுனு இருக்கு.”

இங்கே ஒரு தொழில்நுட்ப வேறுபாடு முக்கியமாகிறது. சில செயலிகள் திருத்தத்தை மூலப்படத்தின் மேலேயே எழுதிச் சேமித்துவிடும், போனது போனதுதான். வேறு சில, மூலத்தைத் தொடாமல் செய்த திருத்தங்களை வரிசையாகக் குறித்து வைத்துக்கொள்ளும். எந்தப் படியையும் பிறகு திறந்து மாற்றலாம். பேரனுடையது நல்லவேளையாக இரண்டாம் வகை. அவன் பட்டியலைத் திறந்து ஒரு படி பின்னால் போனான். மச்சம் வந்தது. கூடவே சுருக்கங்களும் வந்தன.

“சுருக்கத்த மட்டும் எடுத்துரட்டா ஆச்சி?”

“சுருக்கம் கெடந்துட்டுப் போகுது. மச்சத்துல கைய வச்சிராத. அங்க போய் நின்னா உங்க தாத்தா வேற எவளோன்னு தாண்டிப் போயிருவாருல்லா.”